மானில் பட்ட அம்பு

ஒருமுறை மானில் பட்ட அம்பு முடிந்துபோன அம்பு. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்காதவன் என்ன ஆனான் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "அம்புக்கென்ன, இரும்புதானே, ஆயுளுக்கும் கிடக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அது இரும்பே இல்லை. அலுமினியக் குழாய். உள்ளே வெறும் காற்று. முன்னால் ஒரு பிளேட் முனை, பின்னால் மூன்று பிளாஸ்டிக் இறகு, நாணில் பொருந்த ஒரு சின்னப் பிடிப்பு. அவ்வளவுதான் அம்பு.

அவன் மட்டக்களப்புப் பக்கம். நான் யாழ்ப்பாணம். எண்பத்தைந்தில், இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் ஏழெட்டுப் பேரோடு ஒன்றாகத் தரையில் படுத்தோம். கோடைக்கு வெள்ளைக்காரர் வெயில் காயப் படுக்கிற கதிரைகளுக்கு ஒரே தொழிற்சாலையில் அலுமினியக் குழாய் வளைத்தோம். அவனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. எனக்கும்தான் பிடிக்கவில்லை, ஆனால் நான் போகவில்லை. அடுத்த வருடம் ஸ்நோ கரைந்ததும் அவன் விட்பி என்கிற ஊருக்கு அப்பால் ஒரு ஆப்பிள் தோட்டத்துக்கு வேலைக்குப் போனான்.

தோட்டத்துச் சொந்தக்காரர், மனைவி செத்துப்போன ஒரு கிழவர். அதிகம் பேசமாட்டார். தோட்டத்தின் ஓரத்தில் பழைய வேலையாட்கள் இருந்த ஒரு சின்ன வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, வாசலில் தண்ணீர்க் குழாய். இரண்டு வருடம் ஒழுங்காக நின்று வேலை செய்தால் குடும்பத்தைக் கூப்பிட்டு அந்த வீட்டில் இருக்கலாம் என்று கிழவர் சொல்லியிருந்தார். அதற்கு வேண்டிய கடிதமும் தருவாராம். அதுவரைக்கும் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை.

அவனுடைய மனைவியும் நாலு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். ஆமி வந்தால் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்கு ஓடுகிற வாழ்க்கை. அவர்களைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலையும் இருக்க இடமும் காட்டவேண்டும் என்று லோயர் சொல்லிவிட்டார். அந்த இரண்டும் அந்தக் கிழவரின் கையில்தான் இருந்தன. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருவான். யாரும் இல்லாத வீட்டை ஏன் கூட்டுகிறாய் என்று கேட்டால் சிரிப்பான்.

அந்தப் பக்கத்தில் மான் அதிகம். குளிரில் மொட்டுகளைத் தின்னும். இலை உதிர் காலத்தில் கொம்பன்கள் இளம் மரங்களில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும். பட்டை போன மரம் செத்துவிடும். கிழவருக்குத் தோள் வருத்தம், வேட்டைக்குப் போகமுடியாது. அவனுக்குத் துவக்குக் கொடுக்கப் பார்த்தார். அவன் தொடமாட்டேன் என்றுவிட்டான். துவக்கைக் கண்டு ஓடிவந்தவன் இங்கே வந்து துவக்குத் தூக்குவானா? அதனால் கிழவர் தன்னுடைய குறுக்கு வில்லைக் கொடுத்தார். துவக்குப் போலத் தோளில் அணைத்து விசையை இழுக்கிற வில். காலால் மிதித்து இரண்டு கையாலும் நாணை இழுத்துக் கொழுவவேண்டும். வகுப்புக்குக் கூட்டிப்போய் லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தார். வில்லோடு ஆறு அம்பும் கொடுத்தார்.

கிழவர் சொன்னது மூன்று விஷயம். நான் அன்று அங்கே நின்றேன், அவருடைய இங்கிலீசைத் தமிழில் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன் அம்பை உள்ளங்கையில் உருட்டிப் பார். ஆடினால் எறி. பின் பிடிப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் எறி. மிருகத்தில் பட்ட குழாயைத் திரும்ப விடாதே. முனையைக் கழற்றித் தீட்டி வேறு குழாயில் போடலாம், குழாய் முடிந்தது. இது முதலாவது. அம்பு முடிந்தால் வந்து கேள், தருகிறேன். இது இரண்டாவது. மூன்றாவது, வேலிக்கு அந்தப் பக்கம் குதிரை வளர்க்கிற மனிதர் வேட்டைக்காரரை வெறுப்பவர். அடிபட்ட மான் அங்கே போனால் எந்த நேரமானாலும் என்னிடம் வந்து சொல், நான் அவரிடம் போய்ப் பேசுகிறேன்.

அந்த முதல் இலையுதிர் காலத்திலேயே ஒரு மான் விழுந்தது. எங்கள் ஆட்களுக்குத் தீபாவளி என்றால் முழுகிக் கும்பிட்டுவிட்டு அடுத்த வேலை இறைச்சி. பல வீடு சேர்ந்து ஒரு ஆட்டை அடித்துக் கூறு போடுவார்கள். அதுதான் பங்கு இறைச்சி. ஒவ்வொரு கூறிலும் சதையும் எலும்பும் ஈரலும் சமமாக விழவேண்டும். ஒரு துண்டு ஈரல் குறைந்தாலும் வருடக்கணக்கில் கதைப்பார்கள். அந்த வருடம் ஆட்டுக்குப் பதில் அவன் மானோடு வந்து இறங்கினான். எங்கள் மாடியில் இருந்த அண்ணை ஒருவர், ஊரில் பங்கு போட்டுப் பழகியவர், பொறுப்பெடுத்தார். குளியல் தொட்டியில் கழுவி, குசினித் தரை முழுக்கப் பேப்பர் விரித்துக் கூறு போட்டார். எல்லாரும் பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார்கள். அதுவரைக்கும் அவனை "மட்டக்களப்பான்" என்று மட்டும் கூப்பிட்ட ஆட்கள் அன்று "மச்சான்" என்றார்கள். அவன் குளிர்ந்துபோனான். அடுத்த வருடமும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இனி அந்த ஆறு அம்பும் போன விதம்.

ஒன்று பழகும்போதே போனது. வைக்கோல் கட்டில் விட்டதில் இறகு பிய்ந்தது. அடுத்தது குறி தவறிப் புல்லுக்குள் நுழைந்தது. குறுக்கு வில் அம்பு கட்டை, வேகம் கூட. புல்லுக்கும் சருகுக்கும் கீழே பாம்பு போலப் போய்விடும், தேடினால் கிடைக்காது. மூன்றாவது முதல் மானின் விலாவுக்குள் நின்றது. மான் விழுந்து புரண்டதில் குழாய் வளைந்துவிட்டது. நாலாவதின் பின் பிடிப்பு குளிரில் வெடித்தது. அதை அவன் எறிந்தான், அதுவும் நான் நின்றபடியால். ஐந்தாவதும் ஆறாவதும் இரண்டாம் வருடம் வரைக்கும் நின்றன.

வளைந்த அம்பை அவன் எறியவில்லை. முழங்காலில் வைத்து நிமிர்த்தினான். பிறகு மேசை விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினான். ஒரு கண்ணை மூடிப் பார்த்து நேராகிவிட்டது என்றான். நாளெல்லாம் அலுமினியம் வளைத்தவன், அதுவும் என்னோடு நின்று வளைத்தவன். மடங்கின குழாயைத் திரும்ப நிமிர்த்தினால் அந்த இடம் செத்த இடம் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். கிழவர் எறியச் சொன்னவர்தானே என்று நான் கேட்டேன்.

"மச்சான், அவங்க அரைவாசிச் சோத்தை எறியிற ஆக்கள்," என்றான். "அவர்ட கதையக் கேட்டு எறிஞ்சா நாம மிஞ்சுவமா?"

அப்படியென்றால் புதிதாகக் கேட்டு வாங்கு என்றேன். அது இன்னும் மோசம் அவனுக்கு. ஆறு தந்தவரிடம் போய் நாலு போய்விட்டது என்று சொல்ல வெட்கம். பொருளைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதவனுக்கு வீட்டைத் தருவாரா என்று பயம். எங்கள் ஆட்களின் வியாதி இது. தருகிறேன் என்று சொன்னவனிடம் கேட்கமாட்டோம். கேட்காமல் ஒட்டுப்போட்டு ஒப்பேற்றிவிட்டு, அதைக் கெட்டித்தனம் என்போம். கிழவருக்கு அம்பு என்பது எறிவதற்கென்றே வாங்குகிற சாமான். அவனுக்கு அது அவர் வைத்த சோதனை. இதை நான் எத்தனை தரம் சொன்னேன். சுவருக்குச் சொன்னது போலத்தான்.

இரண்டாம் வருடம் தீபாவளிக்கு முன்பே அண்ணை எல்லாருக்கும் மான் என்று சொல்லிவிட்டார். மான் காட்டில் நிற்கிறது, இங்கே கூறு போட்டு முடிந்துவிட்டது. முதல் வருடத்தைப் போல இரண்டு மடங்கு ஆட்கள். மார்க்கம் என்கிற ஊரில் வீடு வாங்கிய ஒருவர்கூட ஈரல் அதிகமாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். என்னை லிப்டில் கண்ட அண்ணை சிரித்தார்.

"என்ன தம்பி, உன்ரை வேடன் என்னவாம்? மானுக்குத் தீபாவளிக் கார்ட் அனுப்பிப் போட்டானோ?"

"விழுந்தால் வரும் அண்ணை."

"விழுந்தாலோ? நான் சனத்துக்குச் சொல்லிப்போட்டன். அவனை மானத்தைக் காப்பாத்தச் சொல்லு."

மானம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

காலையில் ஒன்று வந்தது. அவன் ஐந்தாவது அம்பை விட்டான். மானின் வயிற்றுக்குக் கீழால் போய்க் கல்லில் பட்டு முனையோடு குழாயும் மடிந்தது. மத்தியானம் இன்னொன்று, தூரத்தில். ஆறாவதும் போனது. தேடினோம். சருகைக் காலால் கிளறி, முழங்காலில் இருந்து கையால் தடவித் தேடினோம். கிடைக்கவில்லை. போய்க் கிழவரிடம் கேள் என்றேன். வீட்டு வெளிச்சம் தெரிகிற தூரம்தான். அவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு பையிலிருந்து அந்த நிமிர்த்தின அம்பை எடுத்தான்.

பின்னேரம் வெளிச்சம் குறையும்போது ஒரு கொம்பன் மரவரிசைக்குள் வந்தது. அவன் அம்பை வைத்தான். கிட்ட நின்ற எனக்கே அது வில்லின் குழியில் நேராகப் படுக்காதது தெரிந்தது.

"உந்த அம்பை விடாதை," என்றேன். "உது ஆடுது."

"சும்மா இரி. ஒரு தரத்துக்குத் தாங்கும்."

"மான் போனால் போகட்டும். கோழி வாங்கித் தின்னட்டும் அவங்கள்."

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விசையை இழுத்தான். அம்பு மீன் நெளிவது போல நெளிந்து போனதை நான் கண்ணால் கண்டேன். நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றின் பின்பக்கத்தில் ஏறியது. மான் முதுகை வளைத்து ஒருமுறை எழும்பிவிட்டு நடந்தது. ஓடவில்லை, நடந்தது. வேலிக்குப் போய் நின்றது. பிறகு எப்படியோ தாண்டிக் குதிரைக்காரரின் நிலத்துக்குள் போய்விட்டது. அம்பு அதன் உடம்பிலேயே இருந்தது.

கிழவரிடம் போய்ச் சொல் என்று நான் கத்தாத குறை. அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொன்னா அம்பப் பத்திக் கேப்பார்," என்றான். "விடியட்டும். செத்துக் கிடக்கும். விடிய நான் போய் எடுத்துட்டு மறுகா சொல்றன்."

வயிற்றில் பட்ட மான் லேசில் சாகாது. அது அவனுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஊரில் மரை மான் அடித்த ஆட்களோடு திரிந்தவன். அன்றிரவு நானும் அவனுடைய களஞ்சிய அறையில் தங்கினேன்.

விடிந்தபோது அவனுக்கு முன்னால் குதிரைக்காரரின் மகள் எழும்பிவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை. குதிரைக்குத் தீன் போடப் போன இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மான் படுத்திருந்தது, உயிரோடு. வயிற்றில் அம்பு, கண் திறந்தபடி. தகப்பன் துவக்கால் சுட்டு முடித்துவிட்டு, அம்பை இழுத்தெடுத்துக்கொண்டு நேரே கிழவரின் வாசலுக்கு வந்தார். களஞ்சிய அறைக்குள் இருந்த எங்களுக்கு அவர் போட்ட சத்தம் முழுக்கக் கேட்டது.

அவர் போனபிறகு கிழவர் எங்களிடம் வந்தார். அம்பு அவர் கையில் இருந்தது. சுத்தியல் பட்ட இடங்களை விரலால் தடவிக்கொண்டு நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. இந்த அம்பு யாருடையது என்று மட்டும் கேட்டார். அவன் தன்னுடையது என்றான். மான் வேலி தாண்டினது எப்போது தெரியும் என்று கேட்டார். நேற்றுப் பின்னேரம் என்றான். அம்புக்காக அவர் கோபப்படவில்லை. அம்பு எல்லாருக்கும் தவறும் என்றார். ஆனால் அந்த மிருகம் கிடந்து துடித்த நேரம் முழுக்க நீ என் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய், அப்படிப்பட்டவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு நித்திரை வராது என்றார். நானும் அந்தக் குதிரைக்காரனும் சாகும்வரை ஒரே வேலியோடு இருக்கவேண்டியவர்கள் என்றும் சொன்னார். மாத முடிவு வரை வேலை, அதன்பிறகு வேண்டாம்.

அவன் இங்கிலீசில் என்னவோ சொல்ல வெளிக்கிட்டான். சொல் வரவில்லை. என்னைப் பார்த்தான். வீட்டைப் பற்றிக் கேளடா என்று தமிழில் சொன்னான். கேட்டேன். கிழவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தீபாவளி அன்று காலையில் அண்ணை போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். ஐயோ கடவுளே என்றார். அவனுக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப இனி ஆட்டுக்கு எங்கை தம்பி போறது?" என்றார்.

அவன் பெட்டியோடு திரும்பி வந்து எங்கள் அப்பார்ட்மென்டின் தரையில் படுத்தான். கதிரைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கவில்லை. ரெஸ்டோரன்ட் ஒன்றில் கோப்பை கழுவினான். கடிதம் இல்லாமல் பேப்பர்கள் கிடப்பில் கிடந்தன. மனைவியும் மகளும் வந்து சேர எண்பத்தொன்பது ஆகிவிட்டது. அதற்குள் ஊரில் எத்தனை வீடு மாறினார்கள், என்னவெல்லாம் பட்டார்கள் என்று அந்தப் பெண் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகள் முன்பு நன்றாகக் கதைக்கிற பிள்ளையாம். வந்தபோது கதைக்கவில்லை.

அவன் எடுத்தது ஒரு பேஸ்மென்ட். சுவரின் உச்சியில் முழ அகலத்தில் ஒரு ஜன்னல், அதுவும் ஸ்நோ விழுந்தால் மூடிவிடும். அவர்கள் வந்த கிழமை கறி காய்ச்சக் கோழி வாங்கிக்கொண்டு போனேன். நான் இருக்கும்போதுதான் அவனுடைய மனைவி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"வீடு கிடைக்கல்லயெண்டு முந்தியே எழுதியிருக்கலாமே. நாங்க தோட்டமெண்டு நினைச்சுத்தானே வந்த."

வீடு போனதை அவன் அவளுக்கு எழுதவே இல்லை. கடைசி வரைக்கும். வேலை போனபிறகும் ஒன்றரை வருடமாக அந்த வீட்டைப் பற்றியே எழுதிக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல வந்தது. அவன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு சப்பாத்தைத் தேடினான். நான் கோழியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் படியேறி வெளியே வந்தேன்.