வெள்ளைப் பூ எந்த மென்பொருள்?

போன வெள்ளிக்கிழமை நானும் என் கூட்டாளி பன்னீர் அண்ணனும் சிடாம் கிரி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நேர்த்திக்கடனுக்காக அல்ல. கம்ப்யூட்டர் மென்பொருள் வாங்க!

சிரிக்காதீர்கள். எங்கள் குழப்பம் எங்களுக்குத்தான் தெரியும்.

எங்களுடையது கட்டட பிளான் வரையும் சின்ன ஆபீஸ். நான், அண்ணன், படம் வரையும் ரெஜினா... அவ்வளவுதான். குருண் ஊரில் கடைவீடுகள் கட்டப்போகும் தவுக்கே, அதாவது சீன முதலாளி ஒருவர், பினாங்கில் யாரோ கம்ப்யூட்டரில் வரைந்த பிளானைப் பார்த்துவிட்டார். ஆள் மயங்கிவிட்டார். "நீங்களும் அப்படி வரைந்தால் வேலை உங்களுக்கு. இல்லையென்றால் பினாங்குக்காரனுக்கு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலை போனால் ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

கம்ப்யூட்டர் கடைக்காரன் ஒரு பெட்டியையும் இரண்டு மென்பொருள்களையும் கொண்டுவந்து வைத்தான். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிடித்ததை வாங்குங்கள் என்றான். அங்கேதான் பிடித்தது சனி.

முதலாவது, வெறும் கோடு போடும். பிளான் தனி, முன்பக்கத் தோற்றம் தனி. நம் வரைபலகை மாதிரிதான், ஆனால் படுவேகம். இரண்டாவது, கோடு போடாது — சுவர் எழுப்பும்! எவ்வளவு உயரம், எவ்வளவு கனம், கதவு எங்கே என்று மாமியார் மாதிரி ஆயிரம் கேள்வி கேட்கும். எல்லாம் சொல்லி முடித்தால் முன்பக்கத்தைத் தானே வரைந்து காட்டும். ஆமை வேகத்தில்.

அண்ணனுக்கு முதலாவது பிடித்தது. எனக்கு இரண்டாவது. ரெஜினாவோ ஒரே கடைவீட்டை இரண்டிலும் வரைந்து வைத்துவிட்டு, "எதையாவது ஒன்ன வாங்கித் தொலைங்கண்ணே, கண்ணு எரியுது" என்றாள். தெரிந்தவர்களைக் கேட்டோம். பினாங்கு நண்பர் கோடுதான் என்றார். ஈப்போ நண்பர் சுவர்தான் என்றார். அலோஸ்டார்க்காரர், கம்ப்யூட்டரே வேண்டாம் என்றார்! மனிதன் யாரைத்தான் நம்புவது?

"தம்பி, பேசாம ஆத்தாகிட்ட பூ போட்டுப் பாத்துருவோம் லா" என்றார் அண்ணன். கல்யாணத்துக்குப் பார்க்கிறோம், நிலம் வாங்கப் பார்க்கிறோம். இதற்குப் பார்த்தால் என்ன?

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டோம். பூசாரியின் மனைவி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை!

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரும்பிப் பார்த்தால், அண்ணனுக்கும் வாயெல்லாம் பல். பெரிய மனசு என்று நினைத்தேன். தோற்றும் சிரிக்கிறாரே!

வரும் வழியில் டீக் கடையில் என் முதுகைத் தட்டினார். "மனசுல வச்சுக்காத தம்பி. ஆத்தாவுக்கும் கோடு போடுறதுதான் புடிச்சிருக்கு."

"என்னண்ணே சொல்றீங்க? வெள்ளை என்னோடதுல்ல?"

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் வினை. நகராண்மைக் கழகத்தின் அனுமதிக்குப் போகும் பிளானில் புதுச் சுவருக்குச் சிவப்பு அடிப்போம்; பழைய சுவரை வெள்ளையாக விடுவோம். அந்தக் கணக்கில், புது முறைக்குச் சிவப்பு, பழைய முறைக்கு வெள்ளை என்று அண்ணன் முடிவு செய்திருக்கிறார். இரண்டாவது மென்பொருளின் புத்தக அட்டை வெள்ளை. அதனால் வெள்ளை அதற்குத்தான் என்று நான். எந்த நிறம் எதற்கு என்று ஓரத்தில் குறிக்காமல் ஒரு பிளானையாவது அனுப்பியிருப்போமா நாங்கள்? அம்மனிடம் மட்டும் குறிப்பில்லாமல் போய் நின்றிருக்கிறோம்!

மறுபடி பூ போடலாமா? "ஆத்தாவையே சோதிக்கிறியா?" என்று அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை தவுக்கே வந்துவிட்டார். விஷயத்தை முன்பே கேட்டுச் சிரித்து முடித்திருந்த ரெஜினா, எங்களைப் பார்த்ததும் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள். தவுக்கேயின் சீன வாஸ்து ஆசாமி, இடப்பக்கம் இருக்கும் மாடிப்படியையும் அதன் வாசற்கதவையும் வலப்பக்கம் மாற்றச் சொன்னாராம். இப்போதே பார்க்க வேண்டுமாம்.

"முதல்ல என்னோடத காட்டும்மா" என்றார் அண்ணன். ரெஜினா தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் பிளானில் படியும் கதவும் வலப்பக்கம். தவுக்கேவுக்குப் பரம திருப்தி. பிறகு முன்பக்கத் தோற்றத்தைக் கேட்டார். அதில் கதவு இன்னும் இடப்பக்கமே நின்றது. "ஆள் இங்கே நுழைவான், அங்கே எப்படி ஏறுவான்?" என்றார். "அதைத் தனியாக மாற்ற வேண்டும்..." என்று அண்ணன் இழுத்தார்.

ரெஜினா அடுத்ததைப் போட்டாள். அதிலும் பிளானில் மட்டும்தான் மாற்றினாள். முன்பக்கத்தைக் கேட்டதும் பெட்டி யோசித்தது... யோசித்துக்கொண்டே இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. தவுக்கே கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் கோடு கோடாக முன்பக்கம் எழுந்து வந்தது — கதவு வலப்பக்கம்!

"பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டி மேசையைத் தட்டினார் தவுக்கே. வேலை எங்களுக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த பன்னீர் அண்ணன், ஒன்றுமே நடக்காதது மாதிரி உட்கார்ந்து சொன்னார்:

"பாத்தியா தம்பி? ஆத்தா நேத்தே சொல்லிட்டா லா... வெள்ளைன்னு!"