பக்கத்து மில்லிடம் கேட்ட கேள்வி

1. ஞாயிற்றுக்கிழமை பஸ்

ஹாஸ்டல் வார்டன் போன் செய்தபோது நான் வீட்டில் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன்.

"மேடம், சந்தைக்குப் போன பஸ் வந்துருச்சு. ஒரு ஆள் குறையுது. மமதா."

தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் உள்ள ஒரு நூற்பு மில்லில் நான் எச்.ஆர். மேனேஜர். எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களை மில் பஸ்ஸில் தேனி சந்தைக்கு அழைத்துப்போய்த் திரும்ப அழைத்து வருவோம். மமதாவுக்குப் பத்தொன்பது வயது. நூல் நூற்கும் ரிங் ஸ்பின்னிங் பிரிவில் வேலை. தமிழ் பேச வராது, இந்தி ஓரளவு வரும்.

"அவ போனுக்கு அடிச்சீகளா?"

"அடிச்சேன். அது அவ கட்டில்ல கெடந்து அடிக்குது மேடம். சார்ஜ்ல போட்டுட்டுப் போயிருக்கு அந்தப் பிள்ளை."

மாவை அப்படியே விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். கடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வளையல் கடை, செருப்புக் கடை, பழைய துணிக் கடை என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். வளையல்காரர் ஒருவர் மட்டும் சொன்னார்: "இந்திக்காரப் பிள்ளைக கூட்டம் கூட்டமா வந்துச்சு, போச்சு. இதுல எந்தப் பிள்ளைன்னு நான் சொல்ல, தாயி?" பஸ் ஸ்டாண்டிலும் யாரும் பார்க்கவில்லை.

என் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அவளுக்குப் போன் போட்டேன். "என்னம்மா, இப்பத்தான பேசினோம்?" என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

பிறகு முதலாளியிடம் சொன்னேன். அவருக்குக் கவலையே வரவில்லை.

"ஏம்மா, இது புதுசா? எவனாவது புரோக்கர் பேசிக் கூட்டிட்டுப் போயிருப்பான். இந்நேரம் ஏதாவது ஒரு மில்லுல சோறு தின்னுக்கிட்டு இருக்கும். நாளைக்கித் தானாத் தெரியும்."

"அப்படி இல்லன்னா சார்?"

"போலீஸு, அது இதுன்னு போயி பேரைக் கெடுத்துறாதீக. அடுத்த மாசம் நூல் வாங்குற கம்பெனிக்காரன் ஆடிட்டுக்கு வாரான்."

எங்கள் பகுதி மில்களில் உள்ள பெரிய ஆபத்து இந்தப் பதில்தான். வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். அதனால் ஒரு மில்லின் ஆளை இன்னொரு மில் இழுப்பது வழக்கமாகிவிட்டது. ஒருவரைக் காணோம் என்றால் முதலில் எங்கள் மனதில் வருவது பக்கத்து மில்தான். கோபம் வரும், பயம் வராது. பக்கத்து மில்லிடம் கேட்கவும் மாட்டோம். கேட்டால் நம் ஹாஸ்டல் சரியில்லை என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

2. சங்கத்தில் எப்படிச் சேர்ந்தேன்

இந்த இடத்தில் சற்றுப் பின்னால் போக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் எச்.ஆர். வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு சிறிய சங்கம் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை தேனியில் கூடுவார்கள். மில், ஆஸ்பத்திரி, ஏலக்காய் கம்பெனி, காலேஜ் என்று எல்லா இடத்திலிருந்தும் வருவார்கள். அதில் சேர அனுமதி கேட்கப் போனபோது முதலாளி சிரித்தார்.

"தொழிலாளிக்குத்தான் சங்கம் இருக்கு. இப்ப எச்.ஆருக்கு வேறயா? அங்கன போயி நம்ம கூலி ரேட்டெல்லாம் சொல்லிட்டு வந்துருவீக போல."

"கத்துக்கிட்டு வாரேன் சார், சொல்லிட்டு வரல."

அரை மனதாகச் சரி என்றார். நானும் அரை மனதாகத்தான் போனேன். ஆதாரில் ஒரு விதமாகவும் பி.எஃப். கணக்கில் வேறு விதமாகவும் பெயர் இருந்ததால் எங்கள் ஒடிசா பெண்கள் பலருக்குப் பி.எஃப். பணம் எடுக்க முடியாமல் கிடந்தது. எதை எந்த வரிசையில் திருத்த வேண்டும் என்று காலேஜ் எச்.ஆர். ஒருவர் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிக்கொடுத்தார். பாலியல் புகார் கமிட்டிக்குச் சட்டப்படி வேண்டிய வெளி உறுப்பினர் கிடைத்ததும் இங்கேதான். இதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

சேகரனை முதலில் பார்த்ததும் இந்தக் கூட்டத்தில்தான். தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் எச்.ஆர். எங்கள் ஹாஸ்டலிலிருந்து சொல்லாமல் போன சிலர் அவருடைய மில்லில்தான் இருந்தார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும். எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன்.

"என்ன சார், எங்க பிள்ளைக எல்லாம் நல்லா இருக்காகளா?"

"ரொம்ப நல்லா இருக்காக மேடம். உங்க மெஸ் சாம்பாரைப் பத்தித்தான் இன்னமும் பேசிப் பேசிச் சிரிக்கிறாக."

கூட்டமே சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறு வாரமே மெஸ் மாஸ்டரை மாற்றினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அகில இந்திய அளவிலான எச்.ஆர். சங்கம் ஒன்றிலும் மதுரைக் கிளை வழியாக உறுப்பினரானேன். அதன் ஆண்டு மாநாட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பிரணதி. புவனேஸ்வரத்தில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். தலைவர். "எங்க ஊர்ப் பிள்ளைங்க உங்க மில்ல இருக்காங்களா? ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லி நம்பர் கொடுத்தார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

3. இரண்டு போன்

ஞாயிறு மாலைக்கு வருகிறேன். மமதாவின் அப்பா தற்செயலாக மகளுக்குப் போன் செய்திருக்கிறார். கட்டிலில் கிடந்த போனை அடுத்த கட்டில் பெண் எடுத்து, ஆளைக் காணோம் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவர் ஓயாமல் அழைத்துக்கொண்டே இருந்தார். ஹாஸ்டலுக்குப் போய் அந்தப் போனை நான் வாங்கிப் பேசினேன். அவருக்கு ஒடியா தவிர வேறு மொழி தெரியாது. நான் சொன்னது எதுவும் அவரைச் சேரவில்லை. அழுகை மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

அப்போதுதான் பிரணதியின் நினைவு வந்தது. மாநாட்டுக்குப் பிறகு ஒரு தடவைகூட நான் அவரிடம் பேசியதில்லை. அழைத்தேன், எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "போலீஸ்ல சொல்லிட்டீங்களா?"

முதலாளி வேண்டாம் என்கிறார் என்றேன்.

"முதல்ல ஸ்டேஷனுக்குப் போங்க. அப்புறம் முதலாளிகிட்டப் பேசிக்கலாம். அப்பாவோட நம்பரை எனக்கு அனுப்புங்க, அவரை நான் பாத்துக்கிறேன்."

அப்படியே செய்தேன். ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது பிரணதி மறுபடி பேசினார். மகளை யாரோ விற்றுவிட்டார்கள் என்று ஊரில் யாரோ சொல்லி, அந்த மனிதர் கையில் காசில்லாமல் ரயிலேறக் கிளம்பியிருக்கிறார். பிரணதி பேசிப் பேசி அவரை வீட்டில் உட்கார வைத்திருந்தார். "மணிக்கு ஒரு தடவை நான் கூப்பிட்டுச் சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அதனால நீங்க எனக்கு மணிக்கு ஒரு தடவை சொல்லணும்" என்றார். ஒரே ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம்தான் எங்களுக்குள் இருந்தது.

அடுத்தது மாவட்டச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. அதில் எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் எல்லா மில்லுக்கும் தெரியும், முதலாளிக்கும் போய்ச் சேரும், என் வேலை போகலாம். மகளுக்கு இன்னும் ஒரு வருடம் பீஸ் கட்ட வேண்டும். ஆனால் அவளையே மமதாவின் இடத்தில் வைத்துப் பார்த்தபோது யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பெயர், வயது, உயரம், மஞ்சள் சுடிதார், பேசும் மொழி ஆகியவற்றை மட்டும் எழுதினேன். படம் போடவில்லை. ஒரு பெண்ணின் படம் குழுவுக்கு வெளியே எங்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாது.

பதில்கள் வந்தபடி இருந்தன. ஆஸ்பத்திரி எச்.ஆர். அவசரப் பிரிவில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு "இங்கன இல்ல மேடம்" என்று எழுதினார். போடியிலிருந்து ஏலக்காய் கம்பெனிக்காரர் "இங்கன இல்ல" என்றார். கம்பத்துச் சங்க நண்பர் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை வண்டியில் போய், கேரள எல்லைக் குமுளிப் பக்கம் போகும் ஜீப்காரர்களை விசாரித்துவிட்டு எழுதினார். ஒவ்வொரு "இல்ல"வும் ஒரு பயத்தைக் குறைத்தது. சேகரனும் எழுதியிருந்தார்: "வார்டனைக் கேட்டேன். புதுசா யாரும் வரலையாம்."

அன்று இரவு நான் தூங்கவில்லை என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

4. "நான் தூக்கல மேடம்"

திங்கள்கிழமை காலை ஷிப்டு தொடங்கிய பிறகு சேகரன் அழைத்தார்.

"மேடம், கோவப்படாமக் கேளுங்க. அந்தப் பிள்ளை எங்க ஹாஸ்டல்லதான் இருக்கு. நல்லா இருக்கு. மொதல்ல அவுக அப்பாவுக்குச் சொல்லிருங்க."

"உங்க ஹாஸ்டலுக்கு எப்படி வந்துச்சு?" என்றேன்.

"இந்தத் தடவை நான் தூக்கல மேடம். தானா வந்துச்சு."

நடந்தது இவ்வளவுதான். ஊரிலிருந்து ஒரே ரயிலில் வந்து சேகரனின் மில்லில் சேர்ந்த ரஷ்மிதா என்ற பெண்ணை மமதா சந்தையில் பார்த்திருக்கிறாள். ஊர் விட்ட பிறகு மனம் விட்டுப் பேச ஒருத்தி கிடைத்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டே அவர்கள் மில் பஸ்ஸில் ஏறிவிட்டாள். காலையில் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் யார் நம்பரும், அப்பாவின் நம்பரும் அவள் போனில்தான் இருந்தன. அந்த வார்டனோ, கேட்காமல் ஆளை உள்ளே விட்டதற்குத் திட்டு விழும் என்று பயந்து யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"வார்டன் இல்லன்னு சொன்னதுக்கு அப்புறம் எப்படிப் பாத்தீக?"

"மனசு கேக்கல மேடம். மஞ்சச் சுடிதாருன்னு எழுதியிருந்தீக. காலையில நானே ரூம் ரூமாப் போனேன். கொடியில காயுது."

வார்டன் இல்லை என்றதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். எங்கள் தொழிலில் அப்படித்தான் நிறுத்துவோம்.

பிரணதிக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லிவிட்டு நான் போனபோது மமதா அவர்கள் மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவதற்கென்று வழியெல்லாம் இந்தியில் சேர்த்து வைத்திருந்தேன். அவளைப் பார்த்ததும் எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தன் தட்டை என் பக்கம் தள்ளி, இந்தியில் "சாப்பிடுங்க மேடம்" என்றாள்.

5. ரிலீவிங் ஆர்டர்

மறுநாள் மமதா என் அறைக்கு வந்தாள். ரஷ்மிதா இருக்கும் மில்லுக்கே போய்விடுகிறேன் என்றாள். இங்கே யாரும் அவளுக்குக் குறை வைக்கவில்லை. ராத்திரி பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"நான் மொதல்லயே சொன்னேனா இல்லையா? எவ்வளவு தேடுனீக, கடைசியில அவனுக்கே ஒரு ஆளைக் குடுத்தீக. நல்ல சங்கம்மா."

"சொல்லாமப் போனா மறுபடி தேடணும் சார். சொல்லிட்டுப் போறேங்குது. முறையா அனுப்பிச்சிருவோம்."

"அந்தப் பிள்ளையோட அப்பன்கிட்டப் பேசுனது யாரு?"

"புவனேஸ்வரத்துல ஒரு மேடம் சார். ராத்திரி பூராம் பேசியிருக்காக."

"அவுகளுக்கு நாம என்ன குடுத்தோம்?"

"ஒண்ணும் இல்ல சார். ஒரே சங்கம், அதான்."

அவர் பேனாவை எடுத்தார். மமதாவை வேலையிலிருந்து விடுவிக்கும் ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மமதாவை எங்கள் மில் வண்டியிலேயே அனுப்பி வைத்தோம். போட்டி மில்லுக்கு எங்கள் வண்டியில் ஆள் போனது அதுதான் முதல் தடவை. போலீஸிலும் குழுவிலும் சொன்னதற்காக மெமோ எதுவும் எனக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். சந்தையிலிருந்து பஸ் கிளம்புமுன் தலை எண்ண வேண்டும். தெரியாத முகம் ஏறியிருந்தால் உடனே குழுவில் சொல்ல வேண்டும். யார் யாரை இழுத்தார்கள் என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சண்டை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லலாம். சட்டமும் படிவமும் எங்கேயும் கற்றுக்கொள்ளலாம். உள்ளூர்ச் சங்கத்தில் சேருங்கள், தேசியச் சங்கத்திலும் சேருங்கள். கூட்டத்துக்கு நேரில் போங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள், முகம் சுருங்கினாலும் அடுத்த மாதமும் போங்கள். உங்கள் கை எட்டாத இடத்தில் உங்கள் ஆளுக்காக ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டும் என்றால், அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

வார்டனின் நம்பர் போனில் தெரிந்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போன மாதம் கம்பத்திலிருந்து குழுவில் ஒரு செய்தி வந்தது. ஒரு பெண்ணைக் காணோம், பச்சைத் தாவணி. எங்கள் வார்டனைக் கேட்டேன். "இங்கன யாரும் வரல மேடம்" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அந்தப் பெண் சாயங்காலம் கம்பத்திலேயே சித்தி வீட்டில் கிடைத்தும்விட்டாள். ஆனால் அது தெரிவதற்கு முன்பே நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய், ஒவ்வொரு அறையாகப் பார்த்து, மாடிக் கொடியையும் பார்த்துவிட்டுத்தான் குழுவில் எழுதினேன்: இங்கன இல்ல.