சூளை வாயிலிருந்து ஆறடி

டைல்ஸ் தொழிற்சாலையில் அவருக்குச் ‘சூடு சார்’ என்று பெயர். சூளையிலிருந்து வெளியே வரும் டைல்ஸ், பக்கத்தில் நிற்பவர்மேல் எவ்வளவு வெப்பத்தை வீசும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலை. மனைவி போய் ஆறு வருஷம். வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, “சாப்டீங்களாப்பா?” என்பாள். சாப்பிட்டேன் என்பார். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

அவருடைய மாடி அறை ஜன்னலுக்கு நேர் கீழே சூளை வாய். டைல்ஸைத் தரம் பிரிக்கும் மேஜையை அதற்கு ஆறடியில் போடலாம் என்று போன மாதம் எழுதிக் கொடுத்தார். போட்டார்கள். அன்றிலிருந்து நான்கு பெண்களின் அரட்டை நாள் முழுக்க மாடிக்கு ஏறி வந்தது. யாருக்குப் பல்வலி, யார் வீட்டில் கேஸ் தீர்ந்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவர்களில் மூத்தவள் படியேறி வந்தாள். ஒரு கன்னம் மட்டும் கன்றிச் சிவந்திருந்தது.

“என்ன சார், ஆறடி போதும்னீங்க. என் மூஞ்சி வேகுதே!”

“மெஷின்ல நூத்திப்பத்து டிகிரிதாம்மா காட்டிச்சு.”

“எங்க நின்னு பாத்தீங்க?”

“அந்தத் தூண்கிட்ட.”

“ஏன், கிட்ட வந்தா கடிச்சிடுவோமா?”

அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தள்ளி நின்றே வெப்பத்தை அளக்கும் அந்தக் கருவி டைல்ஸ்மேல் காட்டும் சிவப்புப் புள்ளி சின்னது. ஆனால் அது அளக்கும் வட்டம் தூரம் கூடக் கூட விரியும். தூணிலிருந்து பிடித்தால் சூடான டைல்ஸோடு பின்னால் இருக்கும் ஆறிய சுவரும் சேர்ந்து, அளவு இறங்கிவிடும். பெண்கள் நிற்கிற இடம் என்று கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றதில் இதைக் கோட்டை விட்டிருந்தார்.

கிட்டே போய் அளந்தார். நூற்றைம்பது. நாற்பது டிகிரிதான் கூடுதல், ஆனால் வீசும் வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டைல்ஸ் நகர்ந்து வரும் உருளைப் பாதையை நீட்டி, அவை ஆறி வந்து சேரும்படி மேஜையைக் கொட்டகையின் மறுகோடிக்குத் தள்ள வேண்டும். நடுவில் தகடு வைத்து மறைத்தால் போதாதா என்று பார்த்தார். டைல்ஸை எடுக்கக் கை போகாது. கணக்கை இன்னொரு தரம் போட்டார். விடை மாறவில்லை.

‘முந்தைய அளவு தவறு. தவறு என்னுடையது’ என்று எழுதி மேலாளரிடம் நீட்டினார்.

“இத்தனை நாள் சும்மா இருந்துட்டு இப்ப என்ன சார்?”

“இப்பதான் கிட்ட போய்ப் பாத்தேன்.”

மேஜையைத் தூக்கும்போது மூத்தவள் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்: “இனிமே எங்க வம்பு உங்க காதுல விழாது சார். நிம்மதியா வேலையப் பாருங்க!”

“சரிம்மா.”

மறுநாள் மறுகோடியில் நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று மாடிவரை கேட்கவில்லை.