திரைக்குப் பின்னால் ஒட்டிய முருகன்

இரண்டாயிரமாவது ஆண்டு, அக்டோபர் கடைசி. ஃபிஜியில் லௌடோக்காவை ஒட்டிய ட்ராசாவில் நாங்கள் குடியிருந்தோம். தலைநகர் சுவாவில், இந்தியர் ஒருவர் பிரதமராக இருந்த ஆட்சியைக் கவிழ்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் கரும்பு நிலத்தின் குத்தகை அதே வருடம் முடிந்தது. நிலத்துக்காரர்களான பூர்வகுடி ஃபிஜியர்கள் புதுப்பித்துத் தரவில்லை. அண்ணன் குடும்பம் சிட்னிக்குப் போய்விட்டது. நானும் என் மனைவியும் நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

நான் கரும்பு ஆலையில் பல வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். பிறகு சொந்தமாகத் தொழில் செய்தேன். வெளிநாட்டுக்காரர்களின் பாய்மரப் படகுகளுக்கு ஒயரிங், பேட்டரி, ரேடியோ, ரேடார் என்று எல்லாம் பார்ப்பேன். துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாட்டுக்கு யார் உல்லாசமாக வருவார்கள்? அந்த வருடம் படகுத்துறை காலியாகக் கிடந்தது. அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார்.

அறுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மாள். ஓய்வு பெற்ற நர்ஸ். துணைக்கு ஆளில்லாமல் தன்னந்தனியாகப் படகு ஓட்டுகிறவர். புயல் காலம் தொடங்குமுன் நியூசிலாந்து போய்ச் சேர வேண்டும். புதிதாக ஒரு ரேடார் வாங்கி வைத்திருந்தார். ஆன்டெனா பாய்மரத்தில் ஏறிவிடும், அதில் பேச்சில்லை. திரையை எங்கே பொருத்துவது என்பதுதான் கேள்வி.

நான் யோசிக்கவே இல்லை. கீழே அறைக்குள், கடல் வரைபடம் விரிக்கிற மேஜைக்கு மேலே என்று சொல்லிவிட்டேன். ஆலைப் புத்தி அப்படி. தண்ணீர் படாத இடம், கை படாத இடம், முடிந்தால் ஒரு பெட்டிக்குள் பூட்டி வைக்கிற இடம். இயந்திரம் பத்திரமாக இருந்தால் போதும் என்றுதான் நான் பழகியிருந்தேன்.

அவர் வாதாடவில்லை. என்னை மேலே அழைத்துப் போய், தான் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார வைத்தார். கீழே இறங்கும் வாசலுக்குப் பக்கத்தில், கேன்வாஸ் கூரைக்கு அடியில் ஒரு மூலை. மழையில் மணிக்கணக்காக அங்கேதான் உட்கார்ந்திருப்பாராம். இங்கேயிருந்து உன் திரை தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. அதைப் பார்க்க நான் எழுந்து, கயிற்றை விட்டுவிட்டு, ஏணியில் நாலு படி இறங்க வேண்டும். அதற்குள் படகு பாறையில் ஏறியிருக்கும்.

அதோடு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரியான இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஒரு துளைகூடப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். மாவுப் பெட்டி அட்டையைத் திரையின் அளவுக்கு வெட்டினேன். வெயில் பட்டால் கண் கூசுமா என்று பார்க்க, போட்டோ சட்டத்திலிருந்து கண்ணாடியை உருவி அதன்மேல் ஒட்டினேன். மூன்று நாள் அந்த அட்டையை இடம் மாற்றி மாற்றி ஒட்டினோம். சுக்கானுக்கு முன்னால் வைத்தால் மூலையில் இருந்து தெரியவில்லை. கூரைக்கம்பியில் வைத்தால் மாலை வெயில் கண்ணைப் பறித்தது. வாசல் பக்கத்தில் வைத்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், டீ கப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். படகுத்துறையில் வேலை செய்கிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

கடைசியில் வாசலிலேயே ஒரு மடக்குக் கை வைத்து, அதில் திரையைப் பொருத்துவது என்று தீர்மானித்தோம். உள்ளே தள்ளினால் மேஜையிலிருந்து பார்க்கலாம். மழையிலோ கரைப் பக்கத்திலோ வெளியே இழுத்தால் மூலையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சிக்கல் ஒன்றே ஒன்று. வாசலுக்கு வெளியே சுவரில்தான் அவருடைய திசைகாட்டி இருந்தது. திரையை அதற்கு மிகவும் கிட்டே வைத்தால் ஊசி தப்பாகத் திரும்பும். எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று ரேடாரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நான் அதற்கும் மேலே ஒரு சாண் தள்ளி வைத்தேன். இரும்பு ஊசியை இழுக்கும் என்பதால், மடக்குக் கையைக் காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தேன். கை உள்ளே, கை வெளியே, ரேடார் ஓடும்போது, ஓடாதபோது என்று எல்லா விதமாகவும் சோதித்தேன். ஊசி அசையவே இல்லை. அளந்து பார்க்காமல் சோறுகூடத் தின்னமாட்டார் என்று என் மனைவி என்னைக் கேலி செய்வாள். அன்று அது எனக்குப் பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் காலை அவர் கிளம்ப வேண்டும். அதற்கு முதல் நாள் மதியம், காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். தனியாகப் படகில் நின்றபோது எனக்குப் பயம் வந்தது. ஒற்றைப் பொம்பளை, இத்தனை பெரிய கடல். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்தில் படகு கட்டுகிற இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால்தான் எனக்கும் அங்கே ஒரு வழி. இரண்டு கவலையும் சேர்ந்ததுதான் அந்தப் பயம்.

எங்கள் குடும்பத்தில் சாமி இல்லாமல் எந்த இயந்திரமும் ஓடாது. டிராக்டரில் முருகன், கரும்பு லாரியில் முருகன், என் மனைவியின் தையல் மிஷினில்கூட முருகன். என் வேனில், ஓட்டுகிறவனுக்கு முன்னால், கட்டைவிரல் உயரத்தில் ஒரு முருகன் நின்றுகொண்டிருந்தார். நான் போய் அவரை எடுத்து வந்து, கண்ணுக்குத் தெரியாமல் திரைக்குப் பின்னால், மடக்குக் கையில் நிற்க வைத்தேன். நிற்கவில்லை, விழுந்தார். மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தார். சரி என்று சிலிக்கான் பசையை வைத்து ஒட்டிக் கும்பிட்டேன்.

அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு திருகாணிக்கும் காரணம் கேட்டவர் அவர். இதற்கு என்ன காரணம் சொல்வது என்று கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை எனக்கும் மனைவிக்கும் நாடி நகரத்தில் மருத்துவப் பரிசோதனை. விண்ணப்பத்துக்கு அதுதான் கடைசிப் படி. அந்த நாளுக்காக மூன்று மாதம் காத்திருந்தோம். மனைவி புதுச்சேலை கட்டி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் ராணுவக்காரர்கள் நிறுத்தி, என் கருவிப் பெட்டியைக் கொட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அவசரத்தில் அள்ளிப் போட்டதில் சில திருகாணிகள் வெளியே தங்கிவிட்டன. நாடியை நெருங்கி வோட்டுவாலேவு பக்கம் திரும்பும்போது அவை உருண்டு என் காலடிக்கு வந்தன.

குனிந்து ஒரு திருகாணியை எடுத்தேன். எப்போதும் செய்கிற மாதிரி அதை முருகன் காலடியில் ஒட்ட வைக்கக் கை தானாக நீண்டது. அங்கே முருகன் இல்லை. வட்டமாக ஒரு தூசித் தடம்தான் இருந்தது.

பிரேக்கை மிதித்தேன். வேனை ஓரம் கட்டினேன்.

முருகன் காலடியில் காந்தம். அதனால்தான் அவர் வேனில் நின்றார், அதனால்தான் திருகாணிகள் அவரிடம் ஒட்டின, அதனால்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிற்காமல் விழுந்தார். இரண்டு தடவை விழுந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. திரை உள்ளே இருக்கும்போது காந்தம் திசைகாட்டிக்கு எட்டாது. வெளியே இழுத்தால் அதன் பக்கமாகப் போய் நிற்கும்; ரேடாருக்கு நான் விட்ட இடைவெளி காந்தத்துக்குப் போதாது. அந்த அம்மாள் அதை எப்போது இழுப்பார்? மழை கொட்டிக் கண் தெரியாதபோது, பாறை பக்கத்தில் இருக்கும்போது. சரியாக அந்த நேரத்தில் திசைகாட்டி பொய் சொல்லும். லௌடோக்காவிலிருந்து வெளிக்கடலுக்குப் போகிற வழி முழுக்கப் பவளப்பாறை. மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவரிடம் போய்விட்டு அப்புறம் துறைமுகத்துக்குப் போன் போடலாமா என்றும் இழுத்தேன். யாரிடம் சொல்லி, யார் போய், எந்தக் கடலில் அந்தப் படகைப் பிடிப்பது? அவள் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். நியூசிலாந்து போக வேண்டும் என்று என்னைவிடத் துடித்தவள் அவள்தான்.

"அந்தம்மா நம்ம சாமிய நம்பிப் போவல," என்றாள். "ஒங்க அளவ நம்பிப் போவுது. வண்டியத் திருப்புங்க."

திருப்பினேன். லௌடோக்கா துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சுங்கப் பரிசோதனை முடித்து அவர் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தூரத்தில் ஒரு வெள்ளைப் பாய் மட்டும் தெரிந்தது.

கரையில் ஃபிஜியர் ஒருவர் மீனை இறக்கிவிட்டுத் தன் சின்ன ஃபைபர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். அந்த மாதங்களில் அவர்களும் இந்தியர்களான நாங்களும் ரோட்டில் எதிரெதிரே வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போவோம். கேட்கவே தயக்கமாக இருந்தது. ஆனாலும் போய்க் கேட்டேன். நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன், அந்தப் படகு பாறையில் ஏறிவிடும் என்று, அங்கே இரண்டு தரப்புக்கும் தெரிந்த ஃபிஜி இந்தியில் சொன்னேன். அவர் பாயைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"பைட்டோ," என்றார். உட்கார் என்று அர்த்தம். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அலையில் தூக்கித் தூக்கிப் போட்டது அந்தப் படகு. நல்ல சட்டை முழுக்க உப்புத் தண்ணீர். கருவிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பாறைக்கூட்டத்துக்கு முன்னால் அவரை எட்டிப் பிடித்தோம். நான் கையை ஆட்டுவதைப் பார்த்து அந்த அம்மாள் பாயைத் தளர்த்தி நிறுத்தினார். ஃபிஜியர் தன் படகை ஒட்டிப் பிடிக்க, நான் தாவி ஏறினேன்.

திரையை வெளியே இழுங்கள் என்றேன். இழுத்தார். திசைகாட்டியின் ஊசி மெதுவாக, சாவகாசமாக, பத்துப் பன்னிரண்டு டிகிரி தள்ளிப் போய் நின்றது. உள்ளே தள்ளச் சொன்னேன். பழைய இடத்துக்கு வந்தது. திரைக்குப் பின்னால் கையை விட்டு, உளியால் பசையைச் சீவி, முருகனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவமானத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? குரலை உயர்த்தாமல்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் உறைத்தது.

"திரையை வைக்க என்னை மூணு நாள் கேட்டாய். இவரை வைக்க ஒரு நிமிஷம் கேட்கவில்லையே. நானே நல்ல இடமாகக் காட்டியிருப்பேன்."

நான் வாங்கிய அடிகளிலேயே பெரிய அடி அதுதான். சிரிப்பார் என்று நினைத்துத்தானே மறைத்தேன். அவர் சிரிக்கவே இல்லை.

முருகன் காலடியிலிருந்த காந்தத்தை நெம்பி எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கையை இழுத்து, தள்ளி, மறுபடி இழுத்துச் சோதித்தோம். ஊசி நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் அந்த அம்மாள் முருகனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று கேட்டார். கிழக்கு என்றேன். நியூசிலாந்து போகிற வரைக்கும் படகின் மூக்கு தெற்கே. வலப்பக்கத்துச் சுவரில் வைத்தால் முகம் கிழக்கே இருக்கும் என்று அவரே கணக்குப் போட்டார். அடுப்புக்கு மேலே, கெட்டில் தொங்குகிற இடத்தில், அவர் விரல் காட்டிய புள்ளியில் ஒட்டினேன்.

கரை வந்ததும் ஃபிஜியருக்கு 'வினாக்கா' என்று நன்றி சொன்னேன். அவர் கையை ஆட்டிவிட்டுப் படகைக் கழுவப் போய்விட்டார். பேரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அது ஒரு குறைதான். வேனில் மனைவி கசங்கிய சேலையோடு காத்திருந்தாள். மருத்துவரிடம் எங்கள் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. அந்தம்மாவைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஆக்லாந்திலிருந்து அந்த அம்மாளின் தபால் அட்டை வந்தது. வழியில் இரண்டு நாள் விடாத மழை என்றும், திரையை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருந்ததாகவும், ஊசி உண்மையையே சொன்னதாகவும் எழுதியிருந்தார். படகு கட்டும் இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கதையையும் சேர்த்தே சொன்னாராம். படித்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான், நம் பாடு முடிந்தது என்று நினைத்தேன்.

மருத்துவப் பரிசோதனைக்கு மறுபடி நாள் கிடைக்க ஏழு மாதம் ஆனது. ஆக்லாந்தில் அந்த இடத்துக்கு வேலை கேட்டுப் போன முதல் நாள், முதலாளி என் சான்றிதழ்களைப் புரட்டவே இல்லை. ஒரு காந்தத்தை எடுக்கப் படகைத் துரத்திப் போன ஆள் நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அந்தக் காந்தம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கீழே சிதறுகிற குண்டூசிகளைப் பொறுக்க என் மனைவி அதை வைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று மட்டும் நினைத்துக்கொள்வேன்: என் பயம் தீர நான் எதை வேண்டுமானாலும் கும்பிடலாம், ஆனால் அதை இன்னொருவர் போகிற வழியில் வைப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.