கம்மாபுரத்தின் கணக்கு

விருத்தாசலத்தில் நூலகராக இருக்கிறேன். சுற்றியுள்ள கிளை நூலகங்களுக்கு மின்நூல் கணக்குகளைப் பிரித்துக் கொடுப்பதும், பயிற்சி தருவதும் என் பொறுப்பு. கிளைக்கு ஒரு கணக்கு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும்.

அரசுத் தேர்வில் இரண்டு முறை தோற்ற என் மகள் மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். மறுபடி தோற்றால் என்ன ஆவாளோ என்ற பயத்தில், கம்மாபுரத்தின் கணக்கை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த ஊர் நூலகர் போன் செய்தார்.

"மேடம், எப்பத் தொறந்தாலும் வேற யாரோ படிக்கிறாங்கன்னு வருது. பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு ஒண்ணு தினம் வந்து சும்மா ஒக்காந்துட்டுப் போவுதுங்க."

"பயிற்சியில சொன்னபடி செஞ்சீங்களா?" என்று பழியை அவர் மேலேயே போட்டேன்.

"எனக்குத்தான் புரியல போலிருக்குதுங்க" என்றவர், மறுநாளே பஸ் ஏறி வந்தார். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தேர்வு முடிந்ததும் மகள் கணக்கிலிருந்து வெளியேறினாள். அன்றே அவர் போன்.

"தொறந்துடுச்சு மேடம்! நீங்க சொல்லிக் குடுத்தது இப்பதான் பிடிபட்டுது. ரொம்ப நன்றிங்க."

"அந்தப் பொண்ணு?"

"பரீட்சைதான் முடிஞ்சிட்டுதே. வரதில்லைங்க."

மகள் தேறிவிட்டாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கும் வீட்டில் பயந்துகொண்டு ஒரு தாய் இருந்திருப்பாள்.