கை மட்டும் வரைந்தவள்

பச்சை மல்லாட்டையை உடைத்தால் வரும் ஈர மண்வாசனை எனக்கு இன்றும் பென்சிலைத்தான் நினைவூட்டும். திண்டிவனத்து வீட்டில் அம்மாவும் சித்தியும் அந்த நிலக்கடலைக் காய்களை உடைக்கும்போதுதான், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் அந்தக் கைகளைப் பார்த்து நான் வரையப் பழகினேன்.

ஊர் நூலகத்தில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் படப் புத்தகம் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஹாலந்து தேசத்துப் பெண் ஓவியர்கள், தங்கை தைக்கும் கை, மேசைமேல் பழம், ஜாடியில் பூ என்று வீட்டுக்குள்ளிருந்தே சின்னச் சின்ன நோட்டுகளில் வரைந்து தள்ளிய பக்கங்கள். என் இங்கிலீஷுக்குத் தலைப்பும் படங்களும் மட்டும்தான் புரிந்தன. பெரிய ஓவியராக இப்படித்தான் பழக வேண்டும் போலிருக்கிறது என்று நானாக முடிவுகட்டி, நோட்டு நோட்டாகக் கைகளையே வரைந்தேன்.

ஒரே ஒருமுறை அப்பாவை உட்காரச் சொன்னேன். “ஆம்பளய ஒக்கார வச்சிக்கினு உத்து உத்துப் பாக்கறதா? போய் வேலயப் பாரு” என்றார். “எங்க கையி இருக்குது இல்ல, இதையே வரைஞ்சிக்கினு இரு” என்றாள் அம்மா. எனக்கும் அது போதும் என்றே பட்டது.

பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு. “ஒரு தபா போய்ட்டு வா. கெடைக்கலன்னா அப்புறம் இந்தப் பேச்சே கூடாது” என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார். கூடத்தின் நடுவே ஒரு முதியவரை நாற்காலியில் உட்காரவைத்து, முழு உருவத்தையும் வரையச் சொன்னார்கள். தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினேன். முழங்கால்மேல் கிடந்த அவருடைய கை. நரம்பு, நகம், தோல் சுருக்கம் எல்லாம் அச்சு அசலாக வந்தன. நிமிர்ந்து பார்த்தால் பாதித் தாளைக் கையே பிடித்துக்கொண்டிருந்தது. தோளோடு தாள் முடிந்துவிட்டது, தலை வைக்க இடமில்லை. மேற்பார்வைக்கு வந்த அம்மையார் குனிந்து பார்த்து, “கை ரொம்ப நல்லாருக்கும்மா. ஆள் எங்க?” என்று கேட்டார்.

இடம் கிடைக்கவில்லை. அப்பா சொன்ன சொல் மாறவில்லை. அடுத்த தையில் கல்யாணம் ஆகி விழுப்புரம் வந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து, செல்போனில் எதையோ தேடப்போய், அந்த ஹாலந்துப் பெண்களைப் பற்றிப் படித்தேன். ஆடையில்லா உடலைப் பார்த்து முழு உருவம் வரையப் பழகும் வகுப்புக்குள் அவர்களில் பலரை விடவே இல்லையாம். வேறு வழியில்லாமல்தான் அந்தக் கைகளும் பூக்களும். அவர்களுக்குச் சாத்திய கதவை நான் பாடமென்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடுப்படியில் நின்றபடியே வாய்விட்டு அழுதேன்.

அந்த நூலகக் கட்டடம் இப்போது இல்லை; என் நோட்டுகளும் எந்தப் பழைய பேப்பரோடு போயினவோ. அவை போனால் போகட்டும். முன்பெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கண்ணாலேயே வரைந்துகொண்டு வருவேன். நேற்று திண்டிவனம் வரை ஓர் அம்மாள் என் தோளில் சாய்ந்து அசையாமல் தூங்கிக்கொண்டு வந்தாள். இறங்கி நடந்த பிறகுதான், அவள் முகத்தையோ கையையோ ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை என்பது தெரிந்தது.