முன்கைத் தழும்பு

மலாயாவில் ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்தால், அகரம் தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே சட்டைக்கையை உயர்த்தச் சொல்கிறார்கள். தாயகத்து அன்பர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ‘மிசி’ என்று இங்கே அழைக்கப்படும் தாதி பள்ளிக்கே வந்து, தோளுக்குச் சற்றுக் கீழே அம்மை குத்திய தழும்பைத் தேடுவார். தழும்பு இல்லையேல் அங்கேயே குத்திவிடுவார்.

சுதந்திரம் நெருங்கிய காலம் அது. மலாக்காவின் காஜா பேராங்கில் பகலெல்லாம் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தி, மாலையில் ‘மெர்டேக்கா’ என்னும் விடுதலை மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்தேன். எதிர்வாதம் எதுவாயினும் வென்று பழகிய நாவு என்னுடையது.

சேலத்திலிருந்து புதிதாய் வந்திருந்த எட்டு வயதுச் சரசுவின் தோளைத் தடவிய மலாய் மிசி, “சினி கோசோங், சிக்கு,” என்றார். இங்கே ஒன்றுமில்லை, ஆசிரியரே என்று பொருள். சிறுமியின் முன்கையில் வட்டமான தழும்பு ஒன்று இருந்தது. எங்கள் நாட்டில் முன்கையில்தான் குத்துவார்கள் என்று வாதிட்டு, என் முன்கைத் தழும்பையும் காட்டினேன். தஞ்சைப் பகுதிப் பள்ளியில் அம்மை குத்துபவர் வந்தபோது பாதி வகுப்பு வேலி தாண்டி ஓட, முதல் ஆளாக நான் நீட்டிய கை அது. வரிசை நீண்டிருந்தது. மிசி தலையசைத்து, குத்தியாயிற்று என்று அட்டையில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சரசுவின் தாய் பள்ளி வாசலில் நின்றிருந்தார்.

“சார், அது அம்ம குத்துனது இல்லீங்க. கைக்கொழந்தையில மஞ்சக்காமாலன்னு சூடு வச்சோம். இவளுக்கு இன்னும் குத்தவே இல்ல.”

“நீ ஏன் சொல்லவில்லை?” என்றேன் சரசுவிடம்.

“நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க, சார்.”

எந்த மேடையிலும் எவரும் என்னை அப்படி வீழ்த்தியதில்லை. பெரியம்மைக்கு என் சொல்வன்மை தெரியாது. அது வந்திருந்தால் முன்கையைப் பார்த்துத் திரும்பிப் போயிராது.

மிசி அன்று புக்கிட் பாருவில் ஒரு பள்ளியில் இருந்தார். தாயின் இசைவுடன் சரசுவைச் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்த்திச் சென்றேன். வழியெல்லாம் சொற்பொழிவு ஒன்றைத் தயாரித்தும், நேரில் நின்றபோது இரண்டு சொற்களே வந்தன: “சாயா சாலா.” தவறு என்னுடையது.

மிசி ஊசியைத் துடைத்தார். “ஹாரி இனி தாங்கான் சாஜா, சிக்கு.” இன்றைக்குக் கை மட்டும் போதும், பேச்சு வேண்டாம் என்று பொருள்.

திரும்பும் வழியில் சரசு ஊசி குத்திய கையை உடலில் படாமல் நீட்டியே வைத்திருந்தாள். முன்கையில் சேலத்து நெருப்பு. மேற்கையில் மலாக்காவின் ஊசி.

“சார், ஒங்களுக்கு மேல குத்தலியா?”

“எனக்குத் தேவையில்லை,” என்றேன். அது உண்மைதான். கைப்பிடியைப் பற்றியிருந்த என் கையைப் பார்த்தேன். முன்கையில் ஊர் இட்ட வட்டம் இருந்தது. அதற்கு மேலே, தோள்வரை, இந்த நாடு இட்டது ஒன்றுமில்லை.